பல்கலைக்கழகத்துக்குள் எங்கட ஆள்

1.

ஊரிலிருந்து என் பழைய வகுப்புத் தோழன் செய்தி அனுப்பியிருந்தான். பாடசாலை ஆண்டு மலருக்குக் கனடாவின் உயர்கல்வி வாய்ப்புகள் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். "நீதானேடா அங்க கொலிஜ், யூனிவேர்சிற்றி எண்டு அலைஞ்சனி. பிள்ளையளுக்குப் பிரயோசனமா ஏதாவது எழுது" என்று கேட்டிருந்தான். பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக என்னிடம் அதிகம் இல்லை. நான் செய்ததையெல்லாம் சொல்கிறேன். அதை அவர்கள் செய்யாமல் விட்டாலே கரை சேர்ந்துவிடுவார்கள்.

நான் இருப்பது ரொரன்ரோவின் வடக்கு ஓரத்தில், மில்லிக்கனில். கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் செய்யும் கொம்பனி ஒன்றில் வரைபடம் வரைகிறேன். அந்த வேலைக்காகச் சமூகக் கல்லூரியொன்றில் மாலை வகுப்புக்குப் போய், மற்றவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் எடுக்கிற இயந்திரவியல் டிப்ளோமாவை ஆறு வருடத்தில் எடுத்தேன். ஆறுதலாகப் படித்தால் ஆழமாகப் பதியும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். மனைவி சுமதி அதை நம்பவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. மாலையில் நான் வீட்டில் இல்லாதது அவளுக்கும் வசதியாக இருந்திருக்கலாம்.

வரைவது நான். அதில் முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பது பொறியியலாளர். எங்கள் கொம்பனியில் அந்த மனிதரின் பெயர் கெவின். நான் கனடாவில் வந்து இறங்கிய குளிர்காலத்தில் அவர் டயப்பரோடு தவழ்ந்திருப்பார். ஒருநாள் அவர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கூரையில் குழாயைத் தொங்கவிடும் தாங்கியைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு ஏன் இவ்வளவு தடிப்பு, பாலா?" என்று கேட்டார்.

"எப்போதும் இதைத்தான் போடுறது" என்றேன், என்னால் முடிந்த அளவு கம்பீரமான ஆங்கிலத்தில்.

கெவின் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரை ஒரு மரியாதை தெரியாத பொடியன் என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் ஒரு கடதாசியை எடுத்து, நாலு வரியில் கணக்குப் போட்டு, அதில் பாதித் தடிப்பே போதும் என்று காட்டினார். இந்த நகரத்தில் பல கூரைகளில் நான் வரைந்த தாங்கிகள் இன்றைக்கும் யானையைத் தூக்கும் பலத்தோடு தகரக் குழாயைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன. குழாய்க்குள் போவது வெறும் காற்று.

எப்படி என்று எனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. நாற்பத்தேழு வயதில் அந்த "ஏன்" தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. கல்லூரியில் எடுத்த பாடங்களைக் கணக்கில் காட்டிப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், இயந்திரப் பொறியியல் பட்டம் படிக்கலாம் என்று கேள்விப்பட்டு விண்ணப்பமும் போட்டேன். போட்ட பிறகுதான் வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டில் அனுமதி கேட்கும் முறை அதுதான்.

சுமதி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். பிடிவாதமான வயது போனவர்களைச் சமாளிப்பதில் அவளுக்குப் பயிற்சி இருக்கிறது.

"எத்தினையாம் வருசத்தில எடுப்பாங்கள்?"

"கொலிஜ் பாடங்களை ஏத்துக்கொண்டா ரெண்டாம் வருசம்."

"ஏத்துக்கொள்ளாட்டி?"

"முதலாம் வருசத்தில இருந்து."

"அப்ப கேளுங்கோ. செப்ரெம்பரில ஆரணியும் யூனிவேர்சிற்றிக்குப் போறாள். வீட்டில ஒரு முதலாம் வருசம் காணும். ரெண்டாம் வருசமெண்டாப் போங்கோ. இல்லாட்டி இந்தக் கதையை இதோட விடுங்கோ. பிறகு என்னட்டை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியக்கூடாது."

அதுதான் ஒப்பந்தம்: இரண்டாம் வருடம், அல்லது ஒன்றுமில்லை.

2.

ரொரன்ரோவில் எங்கள் சனம் எந்த அலுவலகத்துக்கும் நேர்வழியால் போவதில்லை. வீடு வாங்க எங்கட ஆள் இருக்கிறார். மோட்கேஜ் எடுக்க அவருடைய மச்சான் இருக்கிறார். இன்சூரன்ஸுக்கு, பல்லுக்கு, கார் திருத்த, கண்ணாடி போட, ஏன், செத்தால் எரிப்பதற்குக்கூட எங்கட ஆள் இருக்கிறார். எல்லோருடைய படமும் கடைவாசலில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகைகளில் கோட் போட்டுக்கொண்டு சிரிக்கிறது. ஆகவே நான் விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று ஒரு சாமத்திய வீட்டில், பெரிய பிள்ளையானவளுக்கு விழா எடுத்த மண்டபத்தில், வாய்தவறிச் சொன்னதும், பக்கத்தில் இருந்து கொத்துரொட்டி சாப்பிட்ட அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"உள்ளுக்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

என்ன படிக்கப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உள்ளுக்குள் ஆள் இருந்தார். கிருபா அண்ணை. அந்தப் பல்கலைக்கழகத்தில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறார், எல்லாப் பேராசிரியர்களுக்கும் அவரைத் தெரியும் என்று சொன்னார்கள். சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. நான் போய்ச் சந்தித்தபோது கிருபா அண்ணை கார்த் தரிப்பிடத்தின் வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள், இடுப்பில் வோக்கி-டோக்கியோடு இருந்தார். எல்லாப் பேராசிரியர்களும் தினமும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.

யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பார்கள். எனக்கோ கூண்டுக்குள் இருந்து தமிழ்க் குரல் வந்ததும் பாதிப் பட்டம் கையில் கிடைத்த மாதிரி இருந்தது.

"எந்த டிப்பார்ட்மென்ற்?"

"மெக்கானிக்கல் எஞ்சினியரிங், அண்ணை."

"அவையள் எல்லாரும் மூண்டாம் லொட்டிலதான் கார் விடுறவை. நல்ல சனம். நான் கதைக்கிறன்." வாசலை மறிக்கும் தடுப்புக் கம்பை உயர்த்தி ஒரு வாகனத்தை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பினார். "ஆனா ஒரு விசயம், பாலன். நான் கதைக்கும் வரைக்கும் நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. கடிதம் வந்தாலும் பேசாமல் இருங்கோ. ஒரு பக்கத்தால நான் கதைக்க, மற்றப் பக்கத்தால நீங்கள் எழுத, அலுவல் குழம்பிப்போம்."

எவ்வளவு நியாயமான பேச்சு!

நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அதில் எனக்கு இயல்பான திறமை உண்டு. முன்யோசனையாக ஒன்று மட்டும் செய்தேன். பல்கலைக்கழகம் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடமும் வேலைத்தல மேலாளரிடமும் இரண்டு சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தது. நான் எங்கள் கோயில் தலைவரிடமும் ஒன்று வாங்கி மேலதிகமாக அனுப்பிவிட்டேன். இவரைச் சிறுவயது முதல் தெரியும், இவருடைய தகப்பனார் நேர்மையான மனிதர், ஆகவே இவரை இயந்திரப் பொறியியலுக்கு எடுக்கலாம் என்று அவர் கோயில் சின்னம் போட்ட தாளில் எழுதியிருந்தார். தேர்த் திருவிழாவில் நான் வடம் பிடித்த விபரமும் அதில் இருந்தது. பாரம் இழுப்பது பொறியியலோடு தொடர்புடையது என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

3.

அந்த இடைவெளியில் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கல்லூரிப் பாடங்களில் பெரும்பாலானவற்றை ஏற்கிறோம். கணிதத்தை மட்டும் ஏற்க முடியாது. எங்கள் கணிதத் தேர்வுக்குக் குறித்த திகதிக்குள் பெயரைப் பதிய வேண்டும். சித்தியடைந்தால் இரண்டாம் வருடம், இல்லாவிட்டால் முதலாம் வருடம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

நான் அதை வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். பிறகு, பக்கவாசலால் கூட்டிப்போக ஆள் வருகிறது என்று தெரிந்தவன் வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு, கிருபா அண்ணைக்கு அனுப்பிவிட்டேன். "பாத்தன். பயப்பிடாதேங்கோ" என்று பதில் வந்தது.

பின்னர் ஒருநாள் அவரே தொலைபேசி எடுத்தார். குரலில் வெற்றி.

"பாலன், அலுவல் சரி. இண்டைக்குக் குளிருக்க ஒரு பேராசிரியற்றை கார் ஸ்ராட் வரேல்லை. நான்தான் வயர் குடுத்து ஸ்ராட் பண்ணிவிட்டனான். அப்பிடியே உங்கட விசயத்தை மெல்லமா எடுத்து விட்டன். மனுசன் என்ன சொன்னதெண்டு நினைக்கிறியள்? 'எனது வாழ்த்தைச் சொல்லுங்கள்' எண்டது. விளங்குதோ? ஓமெண்டிட்டார்!"

அன்றிரவு சாப்பாட்டில் இந்தச் செய்தியை நான் விஸ்தாரமாகச் சொன்னேன். ஆரணி காதில் இருந்த இயர்போனைக் கழற்றினாள். எங்கள் மேசையில் அது அபூர்வமான நிகழ்ச்சி. அவளுக்குப் பதினேழு வயது, இங்கே பிறந்தவள். வீட்டில் அவளுடைய தமிழ் "ஓம்", "இல்லை", "பசிக்குது" என்ற மூன்று சொல்லுக்குள் வந்து நின்றுவிட்டிருந்தது; அதற்கு மேல் போனால் பாதி ஆங்கிலம்.

"வெயிற். ஈமெயில் வந்ததா? ரெஸ்ற்றுக்கு றெஜிஸ்டர் பண்ணச் சொல்லி?"

"வந்தது. ஆனா கிருபா அண்ணை ஒண்டும் செய்ய வேண்டாமெண்டவர்."

"கிருபா அண்ணை ஹூ?"

"உள்ளுக்க இருக்கிற ஆள்."

"உள்ளுக்கயோ, வாசலிலயோ?" இது சுமதி.

"அந்தப் புரொபெஸர் என்ன ரீச் பண்ணுறார், அப்பா?"

அதை நான் கேட்டிருக்கவில்லை. அப்போதே கிருபா அண்ணைக்கு எடுத்துக் கேட்டேன். பழங்கால ரோமாபுரி வரலாறு.

ஆரணி என் கைத்தொலைபேசியை வாங்கி மின்னஞ்சலைப் பார்த்தாள். திகதி முந்திய நாளோடு முடிந்திருந்தது.

"அப்பா, சீரியஸ்லி" என்றாள். கைத்தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு இயர்போனை மீண்டும் மாட்டிக்கொண்டாள். அவள் ஏசியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

4.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஓடினேன். "வெறுங்கையோடயோ போறியள்?" என்று சுமதி ஒரு பெட்டி தட்டை வடையைத் தந்து விட்டாள். அவள் பல்கலைக்கழகத்தை அறியாதவள் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகம் வடையை அறியாது என்பது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அனுமதிப் பிரிவில் ஆலோசகர் ஒரு நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். வடைப் பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். விண்ணப்பதாரிகளிடம் எதுவும் வாங்கக்கூடாதாம். பெட்டியை வெளியே பொது மேசையில் வைத்துவிட்டு வரச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன்.

"உங்களுக்கு மின்னஞ்சல் கிடைக்கவில்லையா?"

"கிடைத்தது."

"வாசிக்கவில்லையா?"

"வாசித்தேன்."

"பிறகு ஏன் பதியவில்லை?"

எங்கட ஆள் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் ஆங்கிலம் பேசுகிறேன். அந்த நிமிடத்தில் ஒரு சொல்லும் கைகொடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுத்திருக்கும்படி ஒருவர் சொன்னார்."

"யார்?"

"பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர்தான்."

அவருடைய முகம் மாறியது. யாரோ சக ஊழியர் தவறான ஆலோசனை சொல்லிவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணாடியைத் தலையிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டு பேனையை எடுத்தார்.

"எந்தப் பிரிவு?"

பொய் சொல்ல நினைத்தேன். நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"பார்க்கிங்."

அவர் அதை எழுதினார். ஆம், எழுதினார். எழுதிவிட்டு, எழுதியதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணினியில் எதையோ தட்டினார். சுவரில் இருந்த கடிகாரம், நாற்காலியின் கால், என் சப்பாத்து என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் கதவு என் முகத்துக்கு நேரே மெல்லமெல்ல மூடிக்கொண்டிருந்தது. அதை மூடிக்கொண்டிருப்பது வேறு யாருமல்ல, நான்தான்.

"இன்னும் ஒரு தேர்வு இருக்கிறது. இந்த வருடத்தின் கடைசி. பதினேழு நாள் இருக்கிறது. போடட்டுமா?"

"போடுங்கள்."

"இந்த முறை யாரையும் கேட்க வேண்டியதில்லையா?" என்றார். அப்போதுதான் அவருடைய வாயோரம் சிரிப்பு தெரிந்தது.

வெளியே வந்தபோது வடைப் பெட்டியைச் சுற்றி நாலைந்து மாணவர்கள் நின்றார்கள். அடியில் தூள் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அன்றுவரை தடையில்லாமல் உள்ளே போன என் வீட்டுப் பொருள் அதுதான்.

5.

ஆரணி பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். அதில் கெட்டிக்காரி. அவளிடம் போய், "பிள்ளை, அப்பாவுக்குக் கொஞ்சம் சொல்லித் தாறியோ?" என்று கேட்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கத் தேவைப்பட்டது. அவளுக்குச் சம்மதம் சொல்ல ஒரு நொடி. நிபந்தனைகள்: போன் வேறு அறையில் இருக்க வேண்டும், பேனை கூடாது, பென்சில், "தெரியும் தெரியும்" என்று சொல்லக்கூடாது.

முதல்நாள் மொழிபெயர்ப்பிலேயே போய்விட்டது. நான் ஊரில் உயர்தர வகுப்பில் படித்தது வகையீடு, தொகையீடு. சில புள்ளிகளால் வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்து பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டாலும் அந்தச் சொற்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் கல்லூரியில் பழகியவை; தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று எனக்கு அந்தப் பின்னேரம்தான் முழுதாக வெளித்தது. அவளுடைய செயின் றூலைச் சங்கிலி விதி என்று நான் சொல்ல, அவள் சிரித்து, அதைத் தன் கொப்பியில் தமிழில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் நாளோடு சிரிப்பு முடிந்தது. அவள் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் பதில் சொன்னேன்.

"இதில ஏன் மைனஸ் போட்டனீங்கள்?"

"எப்பவும் அதில மைனஸ்தானே வாறது."

"எப்பவும் எண்டா?"

"கொலிஜில அப்பிடித்தான் சொல்லித் தந்தவை."

"ஏனெண்டு கேக்கேல்லையா?"

கெவினின் முகமே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் அது நடந்தது. மூன்று சொல் தமிழ் பேசும் என் மகள் பென்சிலை மேசையில் தட்டி, ஏற்ற இறக்கம் பிசகாமல் முழங்கினாள்:

"என்ன முழிசிக்கொண்டு இருக்கிறாய்? கண் கொப்பியிலயோ சுவரிலயோ? எத்தினை தரம் சொல்லிறது? மூளையைக் கழட்டி வைச்சிட்டோ வந்தனி?"

அடுப்படியிலிருந்து சுமதி ஓடி வந்தாள். "எடியேய்! அப்பாவோட அப்பிடிக் கதைக்கிறதோ?"

"அம்மா, சின்னனில ரைம்ஸ் ரேபிள் கணக்குப் படிக்கேக்க அப்பா எனக்கு இப்பிடித்தான் சொன்னவர்! எனக்கு வேற மாதிரித் தெரியாது!"

உண்மைதான். பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன், பேச்சுப் போட்டியில் ஏற்றினேன், எல்லாம் உதிர்ந்துவிட்டது. நான் ஏசிய தமிழ் மட்டும் ஒரு சொல் உதிராமல் அவளிடம் இருந்தது.

"விடும்" என்றேன் சுமதியிடம். "பிள்ளை இவ்வளவு தமிழ் கதைச்சு நீர் எப்ப கேட்டனீர்?"

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் எனக்கு இலக்கணச் சுத்தமான ஏச்சு விழுந்தது. கணக்கைவிட அதற்காகத்தான் சில நாள் மேசைக்குப் போனேனோ தெரியாது. கணக்குகளுக்கு இடையில் அவள் வேறு கதையும் சொன்னாள். தனக்கு ஒட்டாவாவில் இடம் கிடைத்திருக்கிறது, போகப் போகிறேன் என்றாள். கணிதம் படித்து ஆசிரியராகப் போகிறாளாம். நான் ஸ்ரௌவ்வில் நகரம் வரைக்கும் இருக்கிற எல்லா உறவுகளிடமும் அவள் மருத்துவம் படிக்கப் போகிறாள் என்று சொல்லி முடித்திருந்தேன்.

"ரீச்சர் வேலை கஷ்டமெல்லோ, பிள்ளை?"

"உங்களுக்குப் படிப்பிக்கலாமெண்டா ஆருக்கும் படிப்பிக்கலாம், அப்பா."

அடுத்த கணக்கைச் செய்தேன். அதையும் பிழையாகச் செய்தேன்.

6.

தேர்வு நாளன்று பனி கொட்டியது. பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தரிப்பிடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டிருந்தன. வேறெங்காவது விட்டுவிட்டு நடந்தால் நேரம் தப்பிவிடும். மூன்றாம் தரிப்பிட வாசலில் ஸ்ரியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். கிருபா அண்ணை கூண்டிலிருந்து இறங்கி ஓடி வந்தார். தேர்வு நாளை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்; மண்டபத்துக்கு மிக அருகில், ஒரு செம்மஞ்சள் கூம்பை வைத்து, விடியற்காலையிலிருந்து ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். அதில் விழுந்த பனியையும் தள்ளித் துப்புரவாக்கியிருந்தார்.

"ஓடுங்கோ பாலன். காரை நான் பாத்துக்கொள்ளுறன்."

மண்டப வாசலில் நின்ற பெண், பெற்றோர் பக்கத்து அறையில் இருக்கலாம், அங்கே சூடான கோப்பி இருக்கிறது என்று அன்பாகக் கையைக் காட்டினாள். நான் அடையாள அட்டையைக் காட்டினேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். எனக்கும் கோப்பி கிடைக்குமா என்று கேட்டேன்; மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது நான் என்று பிறகுதான் பட்டது.

மூன்றாவது கேள்வியில் கை பழக்கத்தில் மைனஸ் போடப் போனது. "கண் கொப்பியிலயோ சுவரிலயோ?" என்று காதுக்குள் கேட்டது. நிறுத்தினேன். ஏன் என்று என்னையே கேட்டேன். அங்கே மைனஸ் வரவில்லை.

முடிவு வந்தபோது வேண்டிய புள்ளிக்கு மேல் இரண்டு புள்ளி. இரண்டாம் வருடம்.

"ரெண்டே ரெண்டோ? அருந்தப்பில தப்பியிருக்கிறியள்" என்றாள் சுமதி. ஆனால் அன்றைக்கு அவள் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஆரணி விடைத்தாள் வேண்டுமென்று கேட்டாள். எந்த இடத்தில் புள்ளி போனது என்று பார்க்க வேண்டுமாம். கிருபா அண்ணை சொன்னது: "பாத்தியளோ? பேராசிரியர் பாத்துக்கொள்ளுவாரெண்டு நான் சொன்னனான்தானே!"

7.

இப்போது ஒக்ரோபர். கிழமையில் இரண்டு நாள் பாதி நேர வேலை, மீதி நாள் வகுப்பு. ஆரணி ஒட்டாவாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் வந்து என் கணக்கைப் பார்த்து ஏசிவிட்டுப் போகிறாள். அவளுடைய அறைக்குள் நான் இன்னும் மேசையைப் போடவில்லை. சுமதி போடச் சொல்கிறாள்.

போன வாரம் வாசலில் கிருபா அண்ணை கம்பை உயர்த்தாமல் என் கார்க் கண்ணாடியில் தட்டினார். வழக்கமான குரல் இல்லை, கொஞ்சம் தணிந்திருந்தது.

"பாலன், என்ர மகன் கொலிஜ் முடிக்கிறான். மெக்கானிக்கல்தான். அவனும் இஞ்ச மாறப் போறானாம். நீங்கள் இப்ப உள்ளுக்கதானே. ஒருக்கா ஆரிட்டையும் கதைச்சு விடுங்கோவன்."

"அண்ணை, உள்ளுக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள்தான்."

அவர் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. பனியைத் தள்ளி எனக்கு இடம் பிடித்து வைத்த மனிதர் கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இது வேறு யாருடைய அலுவலும் இல்லை, அவருடைய பிள்ளை.

அன்று பின்னேரமே ஒட்டாவாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பார்க்கிங் அங்கிளின்ர மகனா?" என்றாள் ஆரணி. "ஓகே. சண்டே பத்து மணிக்கு லைனுக்கு வரச் சொல்லுங்கோ. பேனை வேண்டாம், பென்சில். முதல்ல ஈமெயில் வந்தா றிப்ளை பண்ணச் சொல்லுங்கோ."

மறுநாள் வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணை, கதைச்சிட்டன். ஓமெண்டிட்டா."

கிருபா அண்ணையின் முகம் விரிந்தது. கூண்டிலிருந்து குனிந்து, ரகசியம்போலக் கேட்டார்:

"ஆர் ஆள்? பெரிய இடமோ?"

"பெரிய இடம்தான், அண்ணை. கொஞ்சம் ஏசுவா."

கம்பு மேலே போனது.